உரிந்துபோன பன்னிரண்டு தகடுகள்

சாக்கில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் போட்டுவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டு, "ஒரு கையெழுத்துதான் சார்" என்றார் சிவசங்கரன்.

சர்வேயர் பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்து மூன்று வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த மில்லையும் வெடித்த பாய்லரையும் வாய்க்காலில் கவிழ்ந்த லாரியையும் பார்த்து, எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் மேலப்பாளையத்து வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. அப்படி வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எப்படி நடந்தது என்ற விவரமே வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே முடிவுகட்டியதற்குக் கீழே பாவாவின் பெயர் வேண்டும். அவ்வளவுதான்.

"எதுக்குக் கீழ?" என்று கேட்டார்.

"நாசவேலைன்னு நீங்க ஒரு அறிக்கை குடுக்கணும். புகார் எழுதி வெச்சிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். உங்க காயிதமும் சேந்தா வலுவா இருக்கும்லா."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வேணி நாற்காலியைச் சத்தத்தோடு திருப்பினாள். சட்டம் படித்துவிட்டு, ஒரு வக்கீலிடம் சேர்ந்து ஆறே மாதத்தில் சண்டைபோட்டு வெளியேறியவள். பாவாவின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்யத்தான் வந்தாள். இப்போது அவர் பார்க்கப் போவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

"நாசவேலையா? யாரு சார்? உள்ளாளா, வெளியாளா?"

"வேணி," என்றார் பாவா, "முதல்ல என்ன நாசமாச்சுன்னு அவரு சொல்லட்டும்."

சிவசங்கரன் சொன்னார். சொல்வதற்கு நடுவில் தன் பட்டறையைப் பற்றி எந்தப் பத்திரிகையில் எழுதினார்கள், எந்த அதிகாரி வந்து பார்த்துப் பாராட்டினார் என்பதையும் சொன்னார். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் விஷயம் இதுதான். பேட்டையில் அவருக்கு ஒரு சின்னப் பட்டறை. டைட்டானியம் வலைத்தகடுகளை ஈய நைட்ரேட் கரைசலில் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, அவற்றின்மேல் ஈய ஆக்சைடைக் கறுப்பாகப் படியவைக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரில் அந்தத் தகட்டை இறக்கி மின்சாரம் விட்டால் சாயம் உடைந்து தண்ணீர் தெளியும். வேலை செய்வது அந்தக் கறுப்புப் பூச்சுதான். ஒன்றரை வருஷம் தாங்கவேண்டிய பூச்சு, ஷேக் மைதீன் சாயப்பட்டறைக்குப் போன பன்னிரண்டு தகடுகளில் ஒன்பதே நாளில் உரிந்துவிட்டது.

"பன்னெண்டும் ஒரே சுற்று சார். இந்த வருஷத்து முப்பத்தொண்ணாம் சுற்று. முப்பது நல்லாருக்கு. முப்பத்திரெண்டு நல்லாருக்கு. அதே கரைசல், அதே தொட்டி. இது மட்டும் எப்படி உரியும்? யாரோ எதையோ பண்ணியிருக்கணும். யாருன்னும் தெரியும்."

பாவா சாக்கைப் பிரித்தார். கணக்கு நோட்டின் அகலத்தில் ஒரு வலைத்தகடு. பூச்சு வெடித்துப் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. உரிந்த இடத்தில் உலோகம் வெளுப்பாகத் தெரிந்தது. அந்த வெளுப்பில் ஒரே திசையில் நெருக்கமான கீறல்கள், தேங்காய்நாரை வைத்து அழுத்தித் தேய்த்த பாத்திரத்தைப் போல. பாவா ஒரு பொருக்கைக் கிள்ளி எடுத்து, நேற்றைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அதன் மேல்புறத்தைத் தேய்த்தார். பழுப்பாகப் பொடி அப்பியது. திருப்பி அடிப்புறத்தைத் தேய்த்தார். பென்சிலால் இழுத்த மாதிரி சாம்பல்நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யாரு?" என்றார்.

"இசக்கியம்மா. சீவலப்பேரிக்காரி. நாலு வருஷமா தொட்டியில நிக்கா. வயல்ல களையெடுத்துக்கிட்டு இருந்தவளை நாந்தான் கூட்டிட்டு வந்து கத்துக்குடுத்தேன். போன மாசம் எல்லார் முன்னாலயும் வந்து, ரத்தப் பரிசோதனை வேணும்ங்கா. ஈயம் உடம்புல ஏறியிருக்கான்னு பாக்கணுமாம். பாப்போம்னேன். இந்தத் தொட்டி உருப்படாதுன்னு சொல்லிட்டுப் போனா. அடுத்த வாரம் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை ஊர்க் கோயில் கொடைக்கு லீவு கேட்டா. குடுக்கலை. அன்னைக்குப் போட்ட சுற்றுதான் சார் இது. பதிவேட்டுல அவ கையெழுத்து இருக்கு. வேற என்ன வேணும்?"

"அன்னைக்கு நீங்க பட்டறையில இருந்தீயளா?"

"நான் கோயம்புத்தூர் போயிருந்தேன்."

"அவ முழுநாளும் இருந்தாளா?"

"இல்ல, மத்தியானம் அனுப்பிவிட்டிருக்காரு எங்க போர்மேன் மந்திரமூர்த்தி. இளகின மனசு அவருக்கு. ராத்திரி ஏழு மணிக்கு லோடு போகணும், தொட்டிக்கு இருக்கது அவ ஒருத்தி, அப்படியும் விட்டிருக்காருன்னா பாருங்க."

பாவா பார்த்தார். சிவசங்கரன் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அவகிட்ட இதைப் பத்திக் கேட்டீயளா?"

"ஞாயித்துக்கிழமை அவ ஊருக்கே போயி, பஸ் ஸ்டாப்புல வெச்சு, நாலு பேர் பாக்கவே கேட்டுட்டேன். வேலைக்கு வர வேண்டாம்னும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்லுதது? நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்லா."

பாவா எழுந்து செருப்பை மாட்டினார். இந்த வயதில் கோபப்பட்டால் ரத்த அழுத்தம்தான் ஏறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பல வருஷமாகவே அவர் கோபத்தைச் செருப்பு மாட்டுவதில்தான் செலவழித்து வந்தார்.

பட்டறை வாசலுக்கு வெளியே, பூட்டிய சிறு கதவுக்கு எதிரே, ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். விரல்களில் நகத்தைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. சிவசங்கரனின் கார் வந்ததும் எழுந்தாள். அவர் உள்ளே போனதும் மறுபடி உட்கார்ந்தாள்.

"நீதான் இசக்கியம்மாவா?"

"ஆமா."

"வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னாரே. பின்ன ஏன் இங்கன இருக்கே?"

"எழுதிக் குடுக்கலைல்லா. நான் வரலைன்னா, அவளே ஓடிட்டான்னு சொல்லுவாங்க. அதான் தினமும் எட்டு மணிக்கு வாரேன். அஞ்சு மணிக்குப் போறேன்."

வேணி நோட்டைத் திறந்தாள். அதைப் பார்த்ததும் இசக்கியம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள்.

"எழுதாத," என்றார் பாவா வேணியிடம். "அன்னைக்கு நீ என்ன வேலை செஞ்சேம்மா? பைய சொல்லு."

"பன்னெண்டு தகட்டையும் தேய்ச்சுக் கழுவினேன். அடுப்புல ஆசிட்டுக் கொதிக்க வெச்சு அதுல போட்டு எடுத்தேன். நல்ல தண்ணித் தொட்டியில போட்டு, துணியை மூடிட்டு, பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன். கொடைல்லா. பொங்கல் வைக்கணும்."

"கரைசல்ல மாட்டினது?"

"நான் மாட்டலையே. மாட்டுததுக்கு முன்னாலதான் போயிட்டேனே."

"பதிவேட்டுல உன் கையெழுத்து இருக்காமே," என்றாள் வேணி, பொறியில் சிக்கவைக்கும் குரலில்.

"காலையில தகட்டை எண்ணி எடுக்கும்போதே போட்டுரணும்க்கா. கழுவுதவதான் கையெழுத்துப் போடணும். பொறவு யாரு மாட்டினாலும், யாரு எடுத்தாலும் அதுல எழுதுதது கிடையாது. இங்கன அப்பிடித்தான்."

"இதுக்கு முன்னால வேற பட்டறையில வேலை பாத்திருக்கியா?" என்று பாவா கேட்டார்.

"நடவு, களை, செங்கச்சூளை. கரண்டு வேலைன்னா இது ஒண்ணுதான்."

"போர்மேன் எதுக்கு அரைநாள் விட்டாரு?"

"இங்கன இருந்து என்ன செய்யப்போற, போன்னாரு. போனேன்." கொஞ்ச நேரம் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "வயலுக்குத் திரும்பிப் போறது எனக்குப் பெரிசில்ல சார். ஆனா, கஞ்சி ஊத்துன இடத்துல நாசம் பண்ணினவன்னு பஸ் ஸ்டாப்புல வெச்சுச் சொல்லிட்டாரு. இன்னைக்குப் போலீஸும் வந்துட்டா, எவன் என்னைய நடவுக்குக் கூப்பிடுவான்? பேட்டையில எந்தப் பட்டறையில உள்ள விடுவான்?"

பாவா பூட்டிய கதவைப் பார்த்தார். அவருடைய வாப்பா சந்தை லாரியில் மூட்டை இறக்கியவர். ஒரு மூட்டை காணாமல் போனதற்கு, கிடைக்கும்வரை பதினோரு நாள் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூட்டை கடைசியில் முதலாளியின் சொந்தக் கிட்டங்கியிலேயே கிடந்தது.

கொட்டகைக்குள் கரைசலின் வெக்கை முகத்தில் அடித்தது. கட்டில் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதன்மேல் செம்புக் கம்பிகள், பக்கத்தில் மின்சாரப் பெட்டி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாய்ப் பெருவிரல் தடிமனில் வயர்கள். மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து வணங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறையத் திருநீறு, முழங்கை வரை பழைய ஆசிட் வடுக்கள்.

"இருபத்தாறு வருஷ அனுபவம்," என்றார் சிவசங்கரன் பெருமையாக. "பாளையங்கோட்டையில நிக்கல், குரோமியம் முலாம்ன்னா இவருதான். சைலன்சர்ல முகம் பாத்து மீசை வெட்டலாம். நாலு மாசம் முன்னால கையக்காலப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"எப்பிடி மாட்டுவீய, ஒண்ணு காட்டுங்களேன் அண்ணாச்சி," என்றார் பாவா. "எனக்கு இது புதுசு."

மந்திரமூர்த்தி ஒரு வெறும் தகட்டை எடுத்தார். அவருடைய கை கறுப்பு வயரின் கம்பியை நோக்கிப் போய், பாதியில் நின்று, சிவப்புப் பக்கம் திரும்பியது. "சிவப்புல வேலைத்தகடு. கறுப்புல எவர்சில்வர் தகடு. அவ்வளவுதான் சார். நாலு மணி நேரம் விட்டா கறுப்பா ஏறிரும்."

தொட்டியில் தொங்கிய இரண்டு எவர்சில்வர் தகடுகளிலும் சாம்பல்நிறத்தில் ஈயம் பூத்துக் கிடந்தது. வாரத்துக்கு ஒருதரம் சுரண்டுவோம் என்றார் மந்திரமூர்த்தி. மூலையில், டிரம்முக்குப் பின்னால், அதே அளவில் இன்னும் இரண்டு தகடுகள் சாய்த்து வைத்திருந்தன. அவை கண்ணாடியாய்ப் பளபளத்தன. பாவா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் மடித்திருந்த விளிம்புக்குள் நகத்தை விட்டார். நகத்தில் கறுப்பு ஒட்டியது.

"இது?"

"ஸ்பேர் சார்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே. இசக்கி பதினொன்றரைக்கு மாட்டி, சுவிட்சைப் போட்டா. பன்னெண்டுக்குப் போனா. நான் மூன்றரைக்கு வெளிய எடுத்துக் கழுவி வெச்சேன். நடுவுல கையே வைக்கலை."

கொட்டகைக்கு அடுத்த அறை ஆய்வுக்கூடம். கரைசலைக் கண்டுபிடித்து, இன்றும் தயாரிக்கும் சித்ரலேகா அங்கே இருந்தாள். வேதியியலில் முதுகலை, முகத்தில், இந்த இடத்துக்கு நான் அதிகம் என்ற எண்ணம். பதினாறாம் தேதி எங்கே இருந்தாய் என்ற கேள்வி முடிவதற்குள், "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருந்தேன்" என்றாள்.

"அன்னைக்கு நல்ல வெயில்லா," என்றார் பாவா. "இந்த ஏ.சி. ஓடிச்சா?"

"நாள் பூரா ஓடிச்சு. ஓடாம இந்த அறையில இருக்க முடியுமா?"

பாவா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வந்ததும் வேணி பிடித்துக்கொண்டாள்.

"சார், இவதான். நான் அப்பவே நினைச்சேன். கரைசல் இவ கையில இருக்கு. கேள்வியை முடிக்குததுக்குள்ள பதில் சொல்லுதா. கண்டுபிடிச்சது இவ, பேரு பத்திரிகையில அவருக்கு. ஆத்திரம் இருக்காதா? எதையாவது ஒரு சொட்டு ஊத்தியிருப்பா."

"எதை?"

"எதையாவது."

"கொஞ்சம் முன்னாலதான் இசக்கியம்மாவைச் சந்தேகப்பட்டே."

"அது விசாரணையோட ஆரம்பக் கட்டம் சார்."

டீக்கடை பக்கத்துப் பட்டறையின் மதிலை ஒட்டி இருந்தது. அது மோட்டார் சைக்கிள் உதிரிகளுக்கு நிக்கல் பூசுகிற இடம். மதிலுக்கு அப்பால் ஒருவன் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மனைவியோடு சண்டை போட்டபடி, பார்க்காமலே கைப்பிடிகளைக் கறுப்பு வயர்க் கம்பியில் வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தான். பாவா டீ ஆறும்வரை அதையே பார்த்தார்.

"வேணி, உன் போன்ல பழைய பேப்பர் பாக்கலாம்லா? பதினாலு, பதினஞ்சாம் தேதி நெல்லைப் பக்கத்தைப் பாரு. கொலை, கொள்ளையை விட்டுரு. கடைசியில பொடி எழுத்துல அறிவிப்புப் போடுவான்லா, அதைப் பாரு."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தேடினாள். பத்து நிமிஷம் கழித்து, "அட" என்றாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாவாவுக்கு அந்த அமைதி டீயைவிட இதமாக இருந்தது.

நாலரை மணிக்கு எல்லாரையும் கொட்டகையில் கூட்டச் சொன்னார். இசக்கியம்மாவை உள்ளே விட சிவசங்கரன் மறுத்தார். அப்படியானால் அறிக்கை கிடையாது என்றார் பாவா. கதவு திறந்தது. அவள் உள்ளே வந்து, நாலு வருஷம் தான் நின்ற தொட்டிக்குப் பக்கத்தில் நிற்காமல் சுவரோரம் நின்றாள்.

"நேரமாகுது சார்," என்றார் சிவசங்கரன். "யாரு எதை ஊத்தினாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"யாரும் எதையும் ஊத்தலை." பாவா காலண்டர்த் தாளைப் பிரித்து நீட்டினார். "உரிஞ்ச பொருக்கோட மேல்பக்கம் பழுப்பா அப்புது. அது ஆக்சைடு. அடிப்பக்கம் பென்சில் மாதிரி கோடு போடுது. அது வெறும் ஈயம். சித்ரலேகாம்மா, டைட்டானியத்துக்கும் ஆக்சைடுக்கும் நடுவுல ஈயம் எப்பிடி வரும்?"

சித்ரலேகா தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த அலுப்பு போய்விட்டது. "தகட்டை மாத்தி மாட்டினா வரும். சிவப்புல மாட்ட வேண்டியதைக் கறுப்புல மாட்டினா ஆக்சைடு ஏறாது. ஈயந்தான் ஏறும். ஆக்சைடு எதிர்த்தாப்ல இருக்க எவர்சில்வர்ல போய் ஏறிரும்."

"அப்பிடி ஏறின எவர்சில்வர் தகடு ரெண்டும் அந்தா இருக்கு." டிரம்முக்குப் பின்னால் கையைக் காட்டினார். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கு. மடிப்புக்குள்ள உப்புத்தாள் போகாது. கறுப்பு அங்கன அப்பிடியே இருக்கு. வேலைத்தகட்டைக் கம்பி பிரஷ் வெச்சுத் தேய்ச்சிருக்கு, கீறல் இருக்கு. ஆக, மாத்தி மாட்டினவர் கொஞ்ச நேரத்துல அதைக் கண்டுபிடிச்சிருக்காரு. எல்லாத்தையும் வெளிய எடுத்து, ஈயத்தைத் தேய்ச்சு, எவர்சில்வரை மாத்தி, மறுபடி சரியா மாட்டியிருக்காரு. வலையோட இடுக்குல இருந்த ஈயம் போகலை. அதுமேல ஏறின பூச்சு ஒம்பது நாள் தாங்கிச்சு. முதலாளி, கெடுக்கணும்னு நினைச்சவன் எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுச் சரிபண்ணப் போறான்? இது நாசவேலை இல்ல. கைத்தப்பு. அதை மறைக்கதுக்கு ஒரு பாடு."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்," என்று சிவசங்கரன் முந்தினார். "படிக்காதவ, மாத்தி மாட்டியிருக்கா."

பாவா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"இவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொட்டிதான். சிவப்புல மாட்டுததைத் தவிர வேற எதையும் இவ கை பழகலை. நாலு வருஷத்துல ஒரு சுற்றாவது இவ மாத்தி மாட்டியிருக்காளா? இல்ல. இந்தத் தப்பைப் பண்ணுததுக்கு அனுபவம் வேணும். பக்கத்துப் பட்டறையில பாத்தேன். நிக்கலோ, குரோமியமோ, சாதாரண முலாம் பூசுத இடத்துல வேலைச் சாமானைக் கறுப்புலதான் மாட்டணும். பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுக்கிட்டே ஒருத்தன் மாட்டுதான். மூளை அதுல இல்ல, கைதான் மாட்டுது. இருபத்தாறு வருஷம் அப்பிடி மாட்டின கை இங்கன ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மத்தியானம் எனக்குக் காட்டும்போதும் அது முதல்ல கறுப்புக்குத்தான் போச்சு."

எல்லாரும் மந்திரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சரி சார். உண்மையைச் சொல்லிருதேன். இசக்கிதான் மாத்தி மாட்டிட்டுப் போயிட்டா. நான் பன்னெண்டரைக்குப் பாத்தேன். பாவமேன்னு நான்தான் சரிபண்ணினேன். அவளைக் காட்டிக்குடுக்க வேண்டாம்னுதான்..."

"பதினொன்றரைக்கு அவ சுவிட்ச் போட்டான்னு சொன்னீய."

"ஆமா. என் கண்ணால பாத்தேன்."

"வேணி, வாசி."

வேணி இதற்காகவே டீக்கடையிலிருந்து காத்திருந்தாள். "மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக வரும் வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி, காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை பேட்டை, அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் மின்விநியோகம் இருக்காது."

சிவசங்கரன் கையை நீட்டி அந்தப் போனை வாங்கிப் பார்த்தார்.

"இங்க ஜெனரேட்டர் இருக்கு," என்றார் சிவசங்கரன் பலவீனமாக.

"எதுக்கெல்லாம் அது போதும்?"

"லைட்டுக்கும் ஃபேனுக்கும்." சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

"ஏழு மணிக்கு லோடு. தொட்டிக்கு இருக்கது ஒருத்தி. அவளை எந்தப் போர்மேனாவது பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவானா? கரண்டு இல்லை, இங்கன இருந்து என்ன செய்யப்போறன்னு அனுப்பினாரு. ரெண்டு மணிக்குக் கரண்டு வந்ததும், நேரம் ஓடுதேங்கிற பதற்றத்துல அவரே மாட்டினாரு."

"கரண்டு இல்லைங்கது எனக்குத் தெரியுமே," என்றாள் இசக்கியம்மா சுவரோரத்திலிருந்து. "ஜெனரேட்டர் லைட்டுலதான் தகட்டைக் கழுவினேன். விறகடுப்புலதான் ஆசிட்டைக் கொதிக்க வெச்சேன்."

"ஏன்டி இதை முன்னாலயே சொல்லலை?" என்றார் சிவசங்கரன்.

"நான் பதினொன்றரைக்கு சுவிட்ச் போட்டேன்னு யாராவது எங்கிட்ட கேட்டாத்தானே சொல்லுவேன்? நீங்க நாசமாக்கிட்டேன்னு மட்டுந்தானே சத்தம் போட்டீய."

சித்ரலேகா தொண்டையைச் செருமினாள். "நானும் ஒண்ணு சொல்லிருதேன். அன்னைக்கு நான் இங்க இல்ல. தூத்துக்குடியில ஒரு வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன்."

"தெரியும்," என்றார் பாவா. "கரண்டு இல்லாத நாள்ல உங்க ஏ.சி. நாள் பூரா ஓடிச்சே. நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா நான் மத்தியானச் சோறு தின்னிருப்பேன்."

மந்திரமூர்த்தி தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் சிவசங்கரனைப் பார்க்கவில்லை.

"கை போயிட்டு சார்," என்றார். "மூணு மணிக்குத் தூக்கிப் பாக்கேன், வெள்ளையா ஈயம் பூத்து நிக்கு. கண்ணு இருண்டுபோச்சு. பெரிய ஆளுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு. வயல்ல இருந்து வந்தவ ஒருநாள்கூட மாத்தி மாட்டினதில்ல. நான் மாட்டிட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன்? வாசல்ல நிக்க பயகூட சிரிப்பான். தேய்ச்சுக் கழுவிட்டா போயிரும்ன்னுதான் நினைச்சேன். ஆறரைக்கு எடுத்தேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. உரிஞ்சுபோச்சுன்னு வந்தப்ப, முதலாளியே இசக்கின்னு முடிவு பண்ணியிருந்தாரு. நான் ஆமான்னேன். ஒரு ஆமாதான் சார் சொன்னேன்."

"மத்தியானம் எங்கிட்ட ரெண்டாவது ஆமா. இப்ப மூணாவது," என்றார் பாவா. அவர் குரல் உயரவில்லை.

சிவசங்கரன் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த புகாரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மனிதரின் சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. நம்ம வீட்டு விஷயம், நம்மளோட முடிஞ்சுரட்டும். இசக்கி, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு. அறிக்கை வேண்டாம் சார், உங்களுக்குச் சிரமம்."

"சிரமமே இல்ல," என்றார் பாவா. "இன்னைக்கு ராத்திரியே தட்டச்சு ஆயிரும். ஒரு பிரதி ஷேக் மைதீனுக்கும் குடுப்பேன். அவரு தகடுல்லா உரிஞ்சுது."

இசக்கியம்மா சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "எழுதிக் குடுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"நான் ஒண்ணும் பண்ணலைன்னு. நீங்க சொன்னது தப்புன்னு. உங்க கையால."

சிவசங்கரன் பாவாவைப் பார்த்தார். பாவா கூரையைப் பார்த்தார். வேணி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு சேர்த்து நீட்டினாள். சிவசங்கரன் டிரம்மின்மேல் வைத்து எழுதினார். மூன்று வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தப் பரிசோதனை பண்ணுவோம்ங்கதையும் எழுதுங்க," என்றாள் இசக்கியம்மா. "தொட்டிப் பக்கம் நிக்க எல்லாருக்கும். அண்ணாச்சிக்கும் சேத்து. அத்தனை ஈயத்தையும் தேய்ச்சு மூக்குல இழுத்திருக்காருல்லா."

மந்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். சிவசங்கரன் அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வாசிங்க."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியும்லா."

"தெரியும். நீங்க வாசிங்க. வெளிய வந்து வாசிங்க."

முற்றத்தில் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த நாலு பேர், முதலாளி கையில் தாளோடு வருவதைப் பார்த்துத் திரும்பினார்கள். சிவசங்கரன் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பல்லுக்குள்ளேயே வாசித்தார். முடித்ததும் மடிக்கப் போனார்.

"கேக்கலை," என்றாள் இசக்கியம்மா.

அவர் மறுபடி வாசித்தார், கொஞ்சம் உரக்க. ஏற்றுக்கூலிக்காரர்களில் ஒருவர் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். லாரி டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

இசக்கியம்மா லாரிக்கு அந்தப் பக்கம், சாத்தியிருந்த வாசல் வரைக்கும் நடந்துபோய், கதவைத் திறந்து, தெரு தெரியும்படி நின்றுகொண்டாள்.

"இங்கன கேக்கலை," என்றாள்.